லென்சுகள் மெய் பிம்பத்தையும் மாய பிம்பத்தையும் உருவாக்கும் விதம்: ஒரு முழுமையான வழிகாட்டி

நடுவில் தடித்து விளிம்பில் மெலிந்த குவிலென்சுக்கு முன்னால் பொருளை எங்கே வைத்தால் பிம்பம் எங்கே தோன்றும், அது நேரானதா தலைகீழானதா, பெரியதா சிறியதா என்பதையெல்லாம் ஆறு நிலைகள் கொண்ட ஓர் அட்டவணையாக மனப்பாடம் செய்யும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தேர்வு முடிந்த சில மாதங்களில் அந்த அட்டவணை மறந்துவிடும். அதில் வியப்பில்லை, அந்த ஆறு வரிகளையும் இணைக்கும் சரடு எது என்பதை அட்டவணை சொல்வதேயில்லை. உண்மையில் ஆறு நிலைகளும் ஒரே கேள்விக்கான விடைகள்தாம்: பொருளிலிருந்து புறப்பட்ட ஒளி லென்சை அடையும்போது எந்த அளவுக்கு விரிந்திருக்கிறது, அந்த விரிவை எந்த அளவுக்கு லென்சால் மடக்க முடிகிறது? லென்சின் திறன் விரிவைவிட மிகுதியாக இருந்தால் மெய் பிம்பம் கிடைக்கும். விரிவு மிகுதியாக இருந்தால் மாய பிம்பம் கிடைக்கும். இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டவருக்கு அட்டவணையே தேவைப்படாது.

செய்துபார்க்க விரும்புவோர் ஒரு குவிலென்சு, நடுவில் மெலிந்து விளிம்பில் தடித்த ஒரு குழிலென்சு, மெழுகுவர்த்தி, வெள்ளை அட்டை, மீட்டர் அளவுகோல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, சற்று இருட்டாக்கக்கூடிய அறையில் உட்கார்ந்தால் போதும். கணக்குகள் எளிமையாக இருக்கட்டும் என்பதற்காகக் குவியத் தொலைவு (இணையாக வரும் கதிர்களை லென்சு ஒன்றுசேர்க்கும் புள்ளிவரை உள்ள தொலைவு) 10 செ.மீ. உள்ள குவிலென்சையே கீழே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். உங்களிடம் உள்ள லென்சு வேறாக இருந்தால் எண்கள் மாறுமே தவிர, முறை மாறாது.

முதல் படி: பிம்பம் எப்போது உருவாகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல்

எரியும் மெழுகுவர்த்தியின் எதிரே வெள்ளை அட்டையை மட்டும் பிடியுங்கள். அட்டை முழுவதும் வெளிச்சம் பரவும். சுடரின் உருவம் மட்டும் எங்கும் தெரியாது. சுடரின் ஒவ்வொரு புள்ளியும் எல்லாத் திசைகளிலும் ஒளியை அனுப்புகிறது. ஆகவே அட்டையின் ஒவ்வொரு புள்ளியிலும் சுடரின் எல்லாப் புள்ளிகளிலிருந்தும் வந்த ஒளி கலந்து விழுகிறது. ஒளி இருந்தும் உருவம் இல்லாமற்போவது இந்தக் கலப்பினால்தான்.

பிம்பம் உருவாக வேண்டுமானால் பொருளின் ஒரு புள்ளியிலிருந்து வந்த ஒளி முழுவதும் வேறோர் இடத்தில் ஒரே புள்ளியோடு தொடர்புகொள்ள வேண்டும். அடுத்த புள்ளியின் ஒளி அதற்கு அடுத்த புள்ளியோடு தொடர்புகொள்ள வேண்டும். இந்தத் தொடர்பு இரண்டு விதமாக அமையலாம். லென்சைக் கடந்த கதிர்கள் உண்மையிலேயே ஓரிடத்தில் வந்து சந்தித்தால், சந்திக்கும் புள்ளிகளின் தொகுப்பு மெய் பிம்பம். லென்சைக் கடந்த பிறகும் கதிர்கள் விரிந்துகொண்டே சென்றால் அவை எங்கும் சந்திப்பதில்லை. ஆனால் அவற்றைப் பின்னோக்கி நீட்டினால் எல்லாம் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பியவைபோல் அமையும். அத்தகைய புள்ளிகளின் தொகுப்பு மாய பிம்பம். இரண்டிலும் ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி என்ற ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்குதான் பிம்பத்தின் உயிர்.

இரண்டாம் படி: கதிர்கள் ஒரே புள்ளியில் சேருவதன் காரணம்

கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. அதாவது, கண்ணாடிக்குள் ஒளி வெற்றிடத்தில் செல்லும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் செல்கிறது. வேகம் மாறும் பரப்பில் சாய்வாக விழும் கதிர் திசை மாறுகிறது. குவிலென்சின் நடுப்பகுதியில் இரு பரப்புகளும் ஏறக்குறைய இணையாக இருப்பதால், அங்கே புகும் கதிர் திசை மாறாமல் வெளியேறுகிறது. விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லப் பரப்புகளுக்கு இடையிலான சாய்வு கூடுகிறது. கதிரின் திருப்பமும் கூடுகிறது. மெல்லிய லென்சில் இந்தத் திருப்பம், கதிர் முதன்மை அச்சிலிருந்து (லென்சின் நடுவே அதற்குச் செங்குத்தாகச் செல்லும் நேர்கோட்டிலிருந்து) எவ்வளவு உயரத்தில் லென்சைத் தொடுகிறதோ அதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். இரண்டு மடங்கு உயரத்தில் புகும் கதிர் இரண்டு மடங்கு திரும்பும். கோணங்கள் சிறியவையாக இருக்கும்வரை இந்தத் திருப்பத்தை

திருப்பம் = உயரம் ÷ குவியத் தொலைவு

என்று எழுதலாம்.

இதிலிருந்து பிறக்கும் ஒரு சிறு நிரூபணத்தை நிதானமாகப் பார்ப்பது மிகவும் பயனுள்ளது. இதை விளக்காமலேயே பல பாடங்கள் கடந்துவிடுவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. அச்சின் மேல் உள்ள ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி, குறிப்பிட்ட உயரத்தில் லென்சைத் தொடும் கதிரை எடுத்துக்கொள்ளுங்கள். அது அச்சைவிட்டு விலகிச் செல்லும் சாய்வு, உயரம் ÷ பொருளின் தொலைவு. லென்சு அதை அச்சை நோக்கி உயரம் ÷ குவியத் தொலைவு என்ற அளவுக்குத் திருப்புகிறது. எனவே வெளியேறும்போது அது அச்சை நோக்கிச் சரியும் சாய்வு இந்த இரண்டின் வேறுபாடாகும். அந்தச் சாய்வு, உயரம் ÷ பிம்பத்தின் தொலைவு என்பதற்குச் சமமாக இருக்க வேண்டும். மூன்று உறுப்புகளிலும் உயரம் பொதுவாக இருப்பதால் அதை நீக்கிவிடலாம். மிஞ்சுவது இதுதான்:

1 ÷ பிம்பத்தின் தொலைவு = 1 ÷ குவியத் தொலைவு − 1 ÷ பொருளின் தொலைவு

உயரம் சமன்பாட்டிலிருந்து மறைந்துபோனதைக் கவனியுங்கள். லென்சின் நடுவில் புகுந்தாலும் விளிம்பருகே புகுந்தாலும், அந்தப் புள்ளியிலிருந்து வந்த எல்லாக் கதிர்களும் ஒரே தொலைவில் அச்சைச் சந்திக்கும் என்பதே அதன் பொருள். லென்சு பிம்பம் உருவாக்குவதற்கான முழுக் காரணமும் இந்த ஒரு நீக்கத்தில் அடங்கியிருக்கிறது.

மூன்றாம் படி: குவியத் தொலைவை அளத்தல்

அறையின் சன்னலுக்கு எதிரே உள்ள சுவரருகே குவிலென்சைப் பிடித்து, வெளியே தொலைவில் உள்ள மரமோ கட்டடமோ சுவரில் தெளிவாக விழும்வரை லென்சை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வண்ணங்களோடு கூடிய சிறிய தலைகீழ்ப் பிம்பம் தெரியும்போது, லென்சுக்கும் சுவருக்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழக் குவியத் தொலைவாகும். வெளியே உள்ள பொருள் 10 மீட்டர் தொலைவில் இருந்தால், 10 செ.மீ. லென்சின் பிம்பம் 10.1 செ.மீ.இல் விழும், பிழை ஒரு மில்லிமீட்டர்தான். வீட்டில் செய்யும் சோதனைக்கு அது பொருட்டல்ல.

சூரியனைக் கொண்டும் அளக்கலாம் என்றாலும் தாளும் கையும் சுட்டுவிடும். லென்சு வழியாகச் சூரியனைப் பார்ப்பதோ கண்ணைக் குருடாக்கிவிடும். ஆகவே அந்த வழி வேண்டாம். சூரியன் ஒரு புள்ளியாகக் குவிவதாகச் சொல்லப்படுவதும் முழுச் சரியல்ல. வானில் சூரியனின் கோண அகலம் அரைப் பாகையைச் சற்றே தாண்டுவதால், 10 செ.மீ. லென்சில் அதன் பிம்பம் 0.9 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான விட்டமுள்ள வட்டமாக விழும். அதுவும் ஒரு மெய் பிம்பமே.

நான்காம் படி: விரிவையும் திறனையும் எடைபோடுதல்

இந்த வழிகாட்டியின் மையம் இந்தப் படிதான். ஒரு புள்ளியிலிருந்து விரியும் ஒளி, அந்தப் புள்ளிக்கு அருகில் மிகக் கூர்மையாக விரிகிறது. தொலைவு செல்லச் செல்ல விரிவு தணிந்து, வெகு தொலைவில் கதிர்கள் ஏறக்குறைய இணையாகிவிடுகின்றன. எனவே லென்சை அடையும் ஒளியின் விரிவை 1 ÷ தொலைவு என்று அளக்கலாம். தொலைவை மீட்டரில் எழுதினால் கிடைக்கும் அலகு டயாப்டர். 1872இல் ஃபெர்டினான் மோனோயே என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர் இந்த அலகை முன்மொழிந்தார். லென்சின் திறனும் அதே அலகில்தான் அளக்கப்படுகிறது. குவியத் தொலைவு 0.1 மீட்டர் என்றால் திறன் 10 டயாப்டர். அதாவது, 10 டயாப்டர் விரிவை முற்றிலுமாக மடக்கிக் கதிர்களை இணையாக்கும் வலு அந்த லென்சுக்கு உண்டு.

இனி மெழுகுவர்த்தியை 50 செ.மீ. தொலைவில் வைத்தால் லென்சை அடையும் விரிவு 2 டயாப்டர். லென்சு 10 டயாப்டர் குவிக்கிறது. விரிவை ஈடுகட்டியது போக மிஞ்சுவது 8 டயாப்டர் குவிப்பு. கதிர்கள் 1 ÷ 8 மீட்டரில், அதாவது 12.5 செ.மீ.இல் சந்திக்கும். மெழுகுவர்த்தியை 8 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் விரிவு 12.5 டயாப்டர். லென்சு தன் 10 டயாப்டரையும் செலவழித்த பிறகும் 2.5 டயாப்டர் விரிவு எஞ்சியிருக்கிறது. ஆகவே கதிர்கள் சந்திப்பதில்லை. 1 ÷ 2.5 மீட்டர், அதாவது 40 செ.மீ. தொலைவில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து வருபவைபோல் விரிந்து செல்கின்றன. முதலாவது மெய் பிம்பம், இரண்டாவது மாய பிம்பம். இரண்டுக்கும் இடையே உள்ள எல்லை, விரிவும் திறனும் சமமாகும் இடம். அதுவே முதன்மைக் குவியம்.

பாடநூல்கள் பின்பற்றும் கார்ட்டீசியன் குறியீட்டு மரபில், ஒளி செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் அளக்கப்படும் தொலைவுகள் குறை எண்களாக எழுதப்படும். அந்த மரபில் பொருளின் தொலைவு குறை எண்ணாகவும், குவிலென்சின் குவியத் தொலைவு மிகை எண்ணாகவும், குழிலென்சின் குவியத் தொலைவு குறை எண்ணாகவும் வரும். பிம்பத்தின் தொலைவு மிகை எண்ணாக வந்தால் மெய் பிம்பம். குறை எண்ணாக வந்தால் மாய பிம்பம். மேலே நான் எழுதிய சமன்பாட்டில் பொருளின் தொலைவு வெறும் அளவாகக் கொள்ளப்பட்டிருப்பதால் கழித்தல் குறி வெளிப்படையாக நிற்கிறது. பாடநூல் வாய்பாட்டில் அது எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இரண்டையும் கலந்து குறியை இருமுறை போட்டுவிடுவதே தேர்வுகளில் நேரும் பிழைகளுக்குப் பெரிய காரணம்.

ஐந்தாம் படி: கதிர்ப்படம் வரைதல்

அச்சுக்கு மேலே உள்ள ஒரு புள்ளியின் பிம்பத்தைக் கண்டறிய மூன்று கதிர்களின் போக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது வசதி. அச்சுக்கு இணையாக வரும் கதிர் மறுபக்கக் குவியத்தின் வழியே செல்லும். லென்சின் நடுப்புள்ளியான ஒளியியல் மையத்தின் வழியே செல்லும் கதிர் திசை மாறாது. முன்பக்கக் குவியத்தின் வழியே வரும் கதிர் அச்சுக்கு இணையாக வெளியேறும். இவற்றில் எந்த இரண்டை வரைந்தாலும் சந்திப்புப் புள்ளி கிடைக்கும். மூன்றாவதை வரைந்து சரிபார்த்துக்கொள்ளலாம். உண்மைக் கதிர்களை முழுக்கோடாகவும், பின்னோக்கிய நீட்சிகளைப் புள்ளிக்கோடாகவும் வரையும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே கைக்கொண்டால், படத்தைப் பார்த்த மாத்திரத்தில் மெய் பிம்பமா மாய பிம்பமா என்று சொல்லிவிடலாம்.

இந்த மூன்று கதிர்கள் வரைவதற்கு எளியவை என்பதைத் தவிர வேறு சிறப்பு எதுவும் உடையவை அல்ல. பிம்பத்தை உருவாக்குவது லென்சின் மேல் விழும் அத்தனை கதிர்களும்தான். பொருள் லென்சைவிட உயரமாக இருந்தால், இணையாக வரையப்பட்ட கதிர் லென்சைத் தொடாமலே மேலே சென்றுவிடும். அப்போதும் பிம்பம் உருவாகவே செய்யும்; படத்தில் லென்சின் தளத்தை மேலே நீட்டி வரைந்துகொண்டால் போதும்.

ஆறாம் படி: பொருளைக் குவியம்வரை நெருக்குதல்

மெழுகுவர்த்தியை லென்சிலிருந்து 1 மீட்டர் தொலைவில் வைத்துத் தொடங்குங்கள். பிம்பம் 11.1 செ.மீ.இல், ஒன்பதில் ஒரு பங்கு அளவில், தலைகீழாக விழும். மெழுகுவர்த்தியை 30 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் பிம்பம் 15 செ.மீ.இல், பாதி அளவில் இருக்கும். 20 செ.மீ.இல் வைத்தால் பிம்பமும் 20 செ.மீ.இல், பொருளின் அளவிலேயே கிடைக்கும். 15 செ.மீ.இல் வைத்தால் பிம்பம் 30 செ.மீ.க்கு நகர்ந்து இரண்டு மடங்காகும். 12 செ.மீ.இல் பிம்பம் 60 செ.மீ.இல் ஐந்து மடங்கு, 11 செ.மீ.இல் அது 110 செ.மீ.இல் பத்து மடங்கு. பொருள் 1 மீட்டரிலிருந்து 20 செ.மீ.வரை 80 செ.மீ. நகர்ந்தபோது பிம்பம் 9 செ.மீ. அளவுக்கே நகர்ந்தது, குவியத்தை நெருங்கியபோதோ, பொருள் ஒரு செ.மீ. அசைந்ததற்குப் பிம்பம் அரை மீட்டர் ஓடியது. பொருள் சரியாக 10 செ.மீ.இல் நிற்கும்போது மிச்சக் குவிப்பு எதுவுமில்லை. கதிர்கள் இணையாக வெளியேறி, எந்தத் தொலைவிலும் சந்திக்காமல் போகின்றன.

பிம்பம் ஏன் தலைகீழாகிறது என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். சுடரின் நுனியிலிருந்து ஒளியியல் மையத்தின் வழியே செல்லும் கதிர் நேர்கோட்டில் அச்சைக் கடந்து கீழே இறங்குகிறது. நுனியின் பிம்பம் அந்தக் கோட்டின் மேல்தான் இருந்தாக வேண்டும். மறுபக்கத்தில் அந்தக் கோடு அச்சுக்குக் கீழே இருப்பதால் பிம்பமும் கீழே அமைகிறது. மேல் கீழ் மட்டுமல்ல, இடம் வலமும் இவ்வாறே மாறுகிறது. அட்டையில் விழுந்த சுடரை அருகிலிருந்து பார்த்துக்கொண்டே மெழுகுவர்த்தியை ஒரு பக்கமாக மெல்ல ஊதினால், அட்டையில் உள்ள சுடர் எதிர்ப்பக்கம் சாயும். கூர்ந்து நோக்கினால் திரியின் கருமையும், சுடரின் அடியில் உள்ள மெல்லிய நீலமும், இப்போது மேலே இருப்பதைக் காணலாம்.

மெழுகுவர்த்திக்கும் அட்டைக்கும் இடையே 45 செ.மீ. இடைவெளியை நிலையாக வைத்துக்கொண்டு லென்சை மட்டும் நடுவில் நகர்த்துவது மற்றோர் அருமையான சோதனை. லென்சு மெழுகுவர்த்தியிலிருந்து 15 செ.மீ.இல் இருக்கும்போது இரண்டு மடங்குப் பிம்பமும், 30 செ.மீ.இல் இருக்கும்போது பாதி அளவுப் பிம்பமும் தெளிவாகக் கிடைக்கும். பொருளின் தொலைவும் பிம்பத்தின் தொலைவும் இடம் மாறிக்கொள்வதே இதற்குக் காரணம். இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தால் இந்த இரண்டு இடங்களும் நெருங்கி, 40 செ.மீ.இல் ஒன்றாகிவிடும். அதற்கும் குறைந்தால், லென்சை எங்கே வைத்தாலும் அட்டையில் தெளிவான பிம்பம் விழாது. பொருளுக்கும் திரைக்கும் இடையே குவியத் தொலைவைப் போல் நான்கு மடங்கு இடைவெளியேனும் இருக்க வேண்டும்.

ஏழாம் படி: திரையை எடுத்துவிட்டுப் பார்த்தல்

திரையில் பிடிக்க முடிவது மெய் பிம்பம் என்ற விளக்கம் சரியானதுதான். ஆனால் திரைதான் பிம்பத்தை உண்டாக்குகிறது என்ற எண்ணம் அதிலிருந்து எளிதாக முளைத்துவிடுகிறது, அது தவறு. மெழுகுவர்த்தியை 15 செ.மீ.இல் வைத்து, 30 செ.மீ.இல் அட்டையில் பிம்பத்தைப் பிடித்த பிறகு, அட்டைக்குப் பதிலாக ஒரு டிரேசிங் தாளை வைத்து, பின்பக்கமிருந்து பாருங்கள். தாளில் தலைகீழ்ச் சுடர் தெரியும். பிறகு தாளைப் பாதியளவு விலக்குங்கள். கண் லென்சிலிருந்து 55 செ.மீ. தொலைவில், அச்சின் நேரே இருந்தால், தாள் உள்ள இடத்தில் மங்கலாகத் தெரியும் சுடரின் மிச்சப் பகுதி, தாள் இல்லாத இடத்தில் முன்னைவிடப் பிரகாசமாக, காற்றிலேயே நிற்பது தெரியும்.

அங்கே கதிர்கள் சந்தித்தபின் நின்றுவிடுவதில்லை. ஒரு பொருளிலிருந்து விரிவதுபோல் அந்தப் புள்ளிகளிலிருந்து மீண்டும் விரிந்து கண்ணை அடைகின்றன. கண் பிம்பத்துக்கு அப்பால் ஏறத்தாழ 25 செ.மீ. (கண் சிரமமின்றித் தெளிவாகப் பார்க்கக்கூடிய மிகக் குறைந்த தொலைவு) தள்ளி இருக்க வேண்டும் என்பதும், விரியும் அந்தக் கூம்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதும்தான் நிபந்தனைகள். தாள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறச் செய்வதால் யார் எங்கிருந்து பார்த்தாலும் தெரியச் செய்கிறது. அதன் வேலை அவ்வளவே. பிம்பம் உண்மையிலேயே அந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்ய, ஒரு பென்சிலின் முனையை அங்கே நிறுத்தித் தலையை இடமும் வலமுமாக அசையுங்கள். பென்சில் முனையும் பிம்பமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் சேர்ந்தே நகர்ந்தால் இரண்டும் ஒரே இடத்தில் உள்ளன. விலகினால், கண்ணுக்கு அருகில் உள்ளது எதிர்த்திசையில் நகர்வதுபோல் தெரியும். அதைக்கொண்டு பென்சிலைச் சரிப்படுத்தலாம்.

எட்டாம் படி: குவியத்துக்கு உள்ளே வருதல்

இப்போது மெழுகுவர்த்தியை 8 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். மறுபக்கம் அட்டையை எங்கே பிடித்தாலும் விரிந்துகொண்டே போகும் ஓர் ஒளித்திட்டுதான் கிடைக்கும். மாய பிம்பம் இருக்க வேண்டிய இடமான 40 செ.மீ.இல், மெழுகுவர்த்தி உள்ள பக்கத்திலேயே அட்டையை வைத்தாலும் பயனில்லை; லென்சைக் கடந்த ஒளி எதுவும் அந்த இடத்தைத் தொடவே இல்லை. ஆனால் மறுபக்கமிருந்து லென்சினூடே பார்த்தால் ஐந்து மடங்கு பெரிய, நேரான சுடர் தெரிகிறது.

இது எப்படிச் சாத்தியம்? கண்ணை வந்தடைவது விரியும் ஒளி. எந்தப் பொருளைப் பார்த்தாலும் கண்ணுக்கு வருவது விரியும் ஒளிதான். 40 செ.மீ. தொலைவில் உண்மையான சுடர் இருந்தால் எப்படிப்பட்ட கதிர்கள் வருமோ அப்படியே இவையும் வருவதால், விழிலென்சு அவற்றை வழக்கம்போல் மடக்கி விழித்திரையில் ஒரு மெய் பிம்பமாக்கிவிடுகிறது. விழித்திரையில் விழுவது தலைகீழான மெய் பிம்பம் என்பதை யோகான்னசு கெப்ளர் 1604இல் விளக்கினார். கேமராவும் இதே வேலையைச் செய்கிறது. ஆகவே மாய பிம்பத்தைப் புகைப்படம் எடுக்க முடியாது என்ற கூற்று தவறானது. திரையில் நேராகப் பிடிக்க முடியாது என்பதே சரி. இன்னொரு குவிலென்சின் துணை இருந்தால் தாராளமாகப் பிடிக்கலாம்.

உருப்பெருக்கியைப் பற்றிப் பேசும்போது இன்னொரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். பொருளை 9 செ.மீ.இல் வைத்தால் பிம்பம் பத்து மடங்கு பெரிதாகிறது, 5 செ.மீ.இல் வைத்தால் இரண்டு மடங்கே. அப்படியானால் 9 செ.மீ.இல் வைத்துப் பார்ப்பது ஐந்து மடங்கு நல்லது என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்து மடங்குப் பிம்பம் 90 செ.மீ.க்கு அப்பால் நிற்கிறது. கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை அது கண்ணில் ஏற்படுத்தும் கோணமே தீர்மானிக்கிறது. லென்சைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கும்போது, வெறுங்கண்ணால் 25 செ.மீ.இல் வைத்துப் பார்ப்பதைவிட அது சுமார் 2.8 மடங்குதான் பெரிதாகத் தெரியும். பொருள் சரியாகக் குவியத்தில் இருந்து, கதிர்கள் இணையாக வந்து, கண் சிரமமின்றிப் பார்க்கும்போது பெருக்கம் 25 ÷ 10 = 2.5 மடங்கு. பொருளைச் சுமார் 7.1 செ.மீ.க்கு நெருக்கி, பிம்பத்தை 25 செ.மீ.இல் நிறுத்தினால் 3.5 மடங்கு. குவியத்தில் பிம்பம் முடிவிலியில் இருப்பதால் எதுவும் தெரியாது என்று சிலர் எழுதுவதுண்டு. திரைக்கு அது பொருந்தும், ஓய்வாக இருக்கும் கண்ணுக்கோ இணைக்கதிர்களே மிகவும் இசைவானவை.

ஒன்பதாம் படி: குழிலென்சு

குழிலென்சு விரிவை மடக்குவதில்லை, கூட்டுகிறது. −10 டயாப்டர் குழிலென்சுக்கு முன்னால் 30 செ.மீ.இல் உள்ள பொருளிலிருந்து 3.33 டயாப்டர் விரிவு வந்தால், வெளியேறுவது 13.33 டயாப்டர் விரிவு. மாய பிம்பம் 7.5 செ.மீ.இல், நேராக, கால் பங்கு அளவில் தெரியும். பொருளை எங்கே வைத்தாலும் விரிவு கூடத்தான் செய்யும் என்பதால் பிம்பம் எப்போதும் பொருளைவிட லென்சுக்கு அருகில், சிறியதாக, மாய பிம்பமாகவே இருக்கும். மாய பிம்பம் என்றாலே பெரியது என்ற எண்ணம் உருப்பெருக்கியை மட்டும் பார்த்ததால் வருவது.

ஆயினும் குழிலென்சால் மெய் பிம்பமே தர முடியாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒரு குவிலென்சு ஏற்கெனவே குவித்து அனுப்பிய ஒளியை, அது சந்திக்கும் இடத்துக்கு 5 செ.மீ. முன்னால் இந்தக் குழிலென்சால் இடைமறித்தால், வருவது 20 டயாப்டர் குவிப்பு. அதில் 10 குறைந்து 10 மிஞ்சும். கதிர்கள் குழிலென்சுக்கு 10 செ.மீ. அப்பால் உண்மையிலேயே சந்திக்கும். முன்பு 5 செ.மீ.இல் விழுந்திருக்க வேண்டிய பிம்பம் தள்ளிப்போய் இரண்டு மடங்காகிறது.

பத்தாம் படி: ஒன்றின் பிம்பம் அடுத்ததற்குப் பொருளாதல்

இரண்டு லென்சுகள் வரிசையாக நின்றால், முதல் லென்சின் பிம்பத்தை இரண்டாவதன் பொருளாகக் கொண்டு கணக்கைத் தொடர வேண்டும். கெப்ளர் 1611இல் விவரித்த தொலைநோக்கியில் பொருளருகு லென்சு தொலைதூரப் பொருளின் மெய் பிம்பத்தைக் குழாய்க்குள் உருவாக்குகிறது. கண்ணருகு லென்சு அந்தப் பிம்பத்தை உருப்பெருக்கிபோல் பெரிதாக்கிக் காட்டுகிறது. காட்சி தலைகீழாகத் தெரியும். கலிலியோ 1609இல் உருவாக்கிய கருவியிலோ கண்ணருகில் இருந்தது குழிலென்சு. மெய் பிம்பம் உருவாவதற்கு முன்பே அது ஒளியை இடைமறித்து இணையாக்கிவிட்டதால் காட்சி நேராகத் தெரிந்தது.

மூக்குக்கண்ணாடியும் இதே கணக்கில் அடங்கும். கிட்டப்பார்வை உள்ள ஒருவருக்கு 50 செ.மீ.க்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை என்றால், அவருடைய கண் ஓய்வில் இருக்கும்போது 2 டயாப்டர் விரிவுள்ள ஒளியைத்தான் விழித்திரையில் சரியாகச் சேர்க்கிறது. தொலைவிலிருந்து வரும் இணைக்கதிர்களுக்கு அந்த விரிவைத் தருவது −2 டயாப்டர் குழிலென்சு. தொலைவில் உள்ள பொருளின் மாய பிம்பத்தை 50 செ.மீ.இல் அது நிறுத்திக்காட்டுகிறது. மாறாக, 1 மீட்டருக்கு உள்ளே தெளிவாகப் பார்க்க முடியாதவர் 25 செ.மீ.இல் படிக்க வேண்டுமானால், வரும் 4 டயாப்டர் விரிவில் 3 டயாப்டரை +3 குவிலென்சு ஈடுகட்ட வேண்டும். எழுத்துகளின் மாய பிம்பம் அப்போது 1 மீட்டரில் நிற்கும்.

செய்து பார்க்கும்போது எழும் ஐயங்கள்

லென்சின் பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்தால் பாதிப் பிம்பம்தான் விழும் என்று பெரும்பாலோர் எதிர்பார்ப்பார்கள். மறைத்துப் பாருங்கள்: முழுச் சுடரும் அப்படியே இருக்கும், ஒளி மட்டும் மங்கும். சுடரின் ஒவ்வொரு புள்ளியும் லென்சு முழுவதற்கும் ஒளி அனுப்புவதால், எஞ்சிய பாதியே எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துவிடுகிறது. மெய் பிம்பம் எப்போதும் தலைகீழானது என்ற விதியும் ஒற்றை லென்சுக்கே உரியது. இரண்டாவது குவிலென்சு அந்தப் பிம்பத்தை மீண்டும் கவிழ்த்தால் நேரான மெய் பிம்பம் திரையில் விழும்.

லென்சைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் அதன் குவியத் தொலைவு ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால், கண்ணாடிக்கும் அதைச் சூழ்ந்துள்ள ஊடகத்துக்கும் இடையிலான வேறுபாடு குறைந்து, திருப்பமும் குறைகிறது. காற்றில் 8 செ.மீ.இல் இருந்த பொருளை ஐந்து மடங்காக்கிய லென்சு, நீருக்குள் அதே பொருளை அவ்வளவாகப் பெரிதாக்காது.

கடைசியாக, அளவீடுகள் கணக்கோடு இம்மி பிசகாமல் பொருந்தாவிட்டால் சோதனை தவறிவிட்டதாக எண்ண வேண்டாம். திருப்பம் உயரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று நாம் கொண்டது மெல்லிய லென்சுக்கும் சிறு கோணங்களுக்குமே பொருந்தும். கோளப் பரப்புடைய லென்சின் விளிம்பில் புகும் கதிர்கள் தேவைக்கு மேல் திரும்பிச் சற்று முன்னதாகவே சந்திக்கின்றன. நீல ஒளி சிவப்பொளியைவிட அதிகமாகத் திரும்புவதால் பிம்பத்தின் ஓரங்களில் மெல்லிய வண்ணக்கரையும் தெரியும். ஓர் அட்டையில் ஒரு செ.மீ. அளவுக்குத் துளையிட்டு லென்சின் நடுவே ஒட்டிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். சுடரின் பிம்பம் மங்கும், ஆனால் அதன் விளிம்பு கூர்மையாகும். நடுப்பகுதியை ஒட்டிச் செல்லும் கதிர்கள் மட்டுமே இப்போது வேலை செய்வதால் அளவீடும் கணக்கை நெருங்கி வரும்.